10 நாள் கல்விப் பயணம், 12 நிறுவனங்கள்: எவற்றை விட்டுவிடலாம்?

கேள்வி (எம்.பி.ஏ. மாணவி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் எம்.பி.ஏ. வகுப்பிலிருந்து 34 பேர் அடுத்த பருவத்தில் நெதர்லாந்துக்கும் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்கும் 10 நாள் கல்விப் பயணம் செல்லவிருக்கிறோம். திட்டம் வகுக்கும் மாணவர் குழுவில் நானும் இருக்கிறேன். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய முதல் வரைவில் 12 நிறுவனங்கள் இருக்கின்றன. சில நாட்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் என்று நெருக்கியடித்துப் போட்டிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு இதே பயணம் போய்வந்த மூத்த மாணவர்களைக் கேட்டேன். நிறையப் படங்களைக் காட்டினார்கள். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, "நல்ல அனுபவம்" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வகுப்பில் பலருடைய குடும்பங்கள் கடன் வாங்கித்தான் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டுகின்றன. இது பாடத்திட்டத்தின் பகுதி என்பதால் திரும்பி வந்ததும் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. எத்தனை இடங்கள் போதும், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (முன்னாள் மாணவர்)

நான் சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பயணத்தில் நெதர்லாந்து சென்றேன். ஒன்பது நிறுவனங்களைப் பார்த்தோம் என்று அறிக்கையில் எழுதினேன். உண்மையில் பார்த்தது ஒன்றைத்தான். மற்றவற்றில் ஒன்றான ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு மணி நேரம் கூட்ட அறையில் உட்கார வைத்து, அவர்களுடைய இணையதளத்தில் உள்ளதையே திரையில் காட்டி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் உற்பத்திக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு அனுப்பினார்கள். அவர்கள்மீது குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் கேள்வியே இல்லாதபோது அவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

நான் உண்மையில் பார்த்த அந்த ஒன்று ஆல்ஸ்மீர் மலர் ஏலம். விடியற்காலையில் மேல்தள நடைபாதையில் நின்று கீழே பார்த்தால், பூக்கள் அடுக்கிய தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, சிறிய மின்வண்டிகளால் இழுக்கப்பட்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஏலம் கீழிருந்து மேலே போவதில்லை. விலையைக் காட்டும் கடிகாரம் உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குச் சரக்கு. சற்றுப் பொறுத்தால் விலை குறையும், ஆனால் அந்தப் பொறுமைக்குள் இன்னொருவர் அழுத்திவிடுவார். ஒரு வண்டிக்கான பேரம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஏலக் கோட்பாட்டைப் பாடமாகப் படித்தபோது மனப்பாடம் செய்ததை அங்கே என் வயிற்றில் உணர்ந்தேன்.

அப்போது எங்களுடன் வந்த தோழி ஒருத்தி வழிகாட்டியிடம் மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டாள்: "இந்த ஏலக்கூடம் யாருடையது?" பூ வளர்க்கும் விவசாயிகளுடையது என்று பதில் வந்தது. அதை நடத்தும் ராயல் ஃப்ளோராஹாலண்ட் ஒரு கூட்டுறவு அமைப்பு. விற்பவர்களே அதன் உறுப்பினர்கள். அதன் விற்பனையில் பாதிக்கும் மேற்பட்டது இன்று கடிகாரத்தைத் தொடாமல் நேரடி ஒப்பந்தமாகவே நடக்கிறது என்பதையும் அவர் சொன்னார். அப்படியானால் கடிகாரத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்ற விவாதம் எங்களுக்குள் பேருந்து ஏறும்வரை ஓயவில்லை.

எனவே என் ஆலோசனை, பயணம் முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நீங்கள் போகும் இரண்டு பகுதிகளுக்கும் "இது யாருடையது?" என்ற கேள்வியே அருமையாகப் பொருந்தும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் பொதுமக்களிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டிய நாடு நெதர்லாந்து. 1606ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதியிட்ட அந்தக் கம்பெனியின் பங்குப் பத்திரம் ஒன்று 2010இல் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவரும் ஒரு மாணவர்தான் என்பதை உங்கள் குழுவினரிடம் அவசியம் சொல்லுங்கள்.

பதில் 2 (மேலாண்மைத் துறை ஆசிரியர்)

மேலே உள்ள பதிலை வழிமொழிகிறேன். பல ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையில் 10 நாளுக்கு ஐந்து இடங்கள், மிஞ்சினால் ஆறு என்பேன். மீதி நேரத்தை உட்கார்ந்து பேசுவதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்குங்கள். அன்று பார்த்ததை அன்றிரவே எழுதாவிட்டால் மூன்றாம் நாள் எல்லாத் தொழிற்சாலைகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பாஸ்க் பகுதியில் மோந்திராகோன் என்ற சிற்றூரை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதியின் பெரிய நகரமான பில்பாவோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். 1941இல் அந்தச் சிற்றூருக்கு வந்த அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார் 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற சிறு அடுப்புத் தொழிற்சாலையை உருவாக்கினார்கள். அங்கிருந்து வளர்ந்ததே இன்றுள்ள கூட்டுறவுகளின் குழுமம். தொழிலாளரே உரிமையாளர், முதலீடு எவ்வளவானாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மிக உயர்ந்த ஊதியத்துக்கும் மிகக் குறைந்த ஊதியத்துக்கும் இடையிலான விகிதத்தையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

ஆனால் வெற்றிக் கதையோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் குழுமத்தின் புகழ்பெற்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஃபாகோர் எலக்ட்ரோதொமெஸ்திகோஸ் 2013இல் திவாலானது. வேலை இழந்த உறுப்பினர்களில் பெரும்பகுதியினரை மற்ற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன, அல்லது முன்கூட்டிய ஓய்வு தரப்பட்டது. உறுப்பினராக இல்லாமல் வெறும் ஊழியராக இருந்தவர்களுக்கும், அயல்நாட்டுக் கிளைகளில் இருந்தவர்களுக்கும் அந்தக் கதவு அப்படித் திறக்கவில்லை. உரிமை என்றால் என்ன என்று கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, அவசரமானது. இடங்களை முடிவு செய்யாமல் விசா வேலையைத் தொடங்காதீர்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஆகவே இரண்டு நாளை இங்கிருந்து அங்கு மாற்றினால் தூதரகமே மாறிவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் சரக்குப் போக்குவரத்துத் துறையில் வேலை தேடுகிறவர்கள். ராட்டர்டாம் துறைமுகத்தோடு மேலும் மூன்று கிடங்கு நிறுவனங்களையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு. அதை எப்படி இதனுடன் சேர்ப்பது? மேலும், நாங்கள் கேட்டால் அங்குள்ளவர்கள் உண்மையான பதில் சொல்வார்களா?

பதில் 3 (தொழிற்சாலையில் பார்வையாளர்களை வரவேற்பவர்)

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். மாணவர் குழுக்கள் வரும்போது உற்பத்திப் பிரிவிலிருந்து என்னைத்தான் அழைப்பார்கள்.

உங்கள் கேள்விகளை இரண்டு வாரம் முன்னதாக எழுதி அனுப்புங்கள். கேள்வி வந்துவிட்டால் அதற்குப் பதில் தெரிந்த ஆளை நாங்கள் தேடிப் பிடித்து வைப்போம். வராவிட்டால் மக்கள் தொடர்பு அலுவலர் வழக்கமான படங்களோடு வருவார். "உங்கள் உத்தி என்ன?" என்று கேட்டால் எழுதிவைத்த வாசகம்தான் கிடைக்கும். "கடைசியாக இந்த உற்பத்தி வரிசை எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள், நிறுத்த அவருக்கு யாருடைய அனுமதி தேவைப்பட்டது?" என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு மாணவி அப்படிக் கேட்டபோது என் மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த இயந்திர இயக்குநரையே பதில் சொல்லச் சொன்னார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பொத்தானைத் தொட்டுக் காட்டி விளக்கியதை அந்தக் குழு மட்டுமல்ல, நானும் மறக்கவில்லை.

ராட்டர்டாம் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று கிடங்குகள் தேவையில்லை. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் அங்கே 1993 முதலே கன்டெய்னர்களைச் சுமக்கின்றன. துறைமுக ஆணையத்தின் பங்குகளில் ஏறத்தாழ 70 சதவீதம் ராட்டர்டாம் நகராட்சியிடமும் எஞ்சியது டச்சு அரசிடமும் உள்ளன. சரக்கைக் கையாளும் முனையங்களை நடத்துவது தனியார் நிறுவனங்கள். தானியங்கி முறைக்கு யார் முதலீடு செய்தார்கள், வேலை குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்கத் தொடங்கினால் உங்கள் இரு தரப்பின் கேள்வியும் ஒன்றாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

நேற்றைய கூட்டத்தில் இந்தப் பதில்கள் அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 12 இடங்களை ஐந்தாகக் குறைத்திருக்கிறோம்: மலர் ஏலம், துறைமுகம், ஒரு கிடங்கு, மோந்திராகோனில் ஒரு தொழிற்சாலையும் அவர்களுடைய பயிற்சி மையமும். ஏலம் வார நாட்களில் அதிகாலையில் மட்டுமே நடப்பதால், போய்ச் சேரும் சனி, ஞாயிறைக் கேள்விகளைத் திருத்துவதற்கென்று ஒதுக்கிவிட்டோம். நெதர்லாந்தில் ஆறு நாள் என்று முடிவாகிவிட்டதால் விண்ணப்பமும் அந்தத் தூதரகத்துக்கே. ஃபாகோர் மூடப்பட்டபோது அங்கே உறுப்பினராக இருந்த ஒருவருடன் பேச முடியுமா என்று பயிற்சி மையத்துக்கு இன்று காலை கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.