நாய் உறுமுவதற்கு முன்னால்: உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

ஈசூன் அக்கா:
போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் சின்னவனுக்குப் பிறந்தநாள். அவர்களுடைய ஷீட்ஸூ நாய் லட்டுவை இங்கே பலருக்குத் தெரியும், படம் போட்டிருக்கிறேன். கேக் வெட்டி முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து லட்டுவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் அது தலையைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் நாக்கு நுனி வெளியே வந்து மூக்கை ஒரு நக்கு நக்கிவிட்டு உள்ளே போனது. எதிரே தின்ன எதுவும் இல்லை. காது பின்னால் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கண்ணோரத்தில் வெள்ளை, பிறை மாதிரி தெரிந்தது. "பாருங்க, எப்படிப் போஸ் கொடுக்குது" என்று எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் உறுமியது, அதுவும் தொண்டைக்குள்ளேயே. உடனே நாத்தனார் வீட்டுக்காரர் அதன் மூக்கிலேயே ஒரு தட்டுத் தட்டினார். சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்ததையும் விடவில்லை. இழுத்து வெளியே எடுத்து, முன்னங்காலைப் பிள்ளையின் கையில் வைத்து "சாரி சொல்லு" என்றார்.

அந்த அடியைவிட, அதற்கு முன்னால் அது சொன்னதை ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லையே என்பதுதான் மனசு ஆற மாட்டேன் என்கிறது. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த தடவை உறுமாமல் நேரே கடிக்கலாம். அப்போது "சாதுவா இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்பார்கள். திடீரென்று எங்கே கடித்தது?

பிடோக் காப்பி:
எங்க புளோக் லிஃப்ட்ல தினமும் இதே கதைதான் அக்கா. எட்டாவது மாடிக்காரர் ஒரு பூடில் நாய் வச்சிருக்கார். காலைல ஸ்கூல் பிள்ளைங்க, தள்ளுவண்டி, சைக்கிள் எல்லாம் ஏறும்போது அது அவர் காலுக்கு நடுவுல போய் ஒண்டிக்கும். அவர் தூக்கி, அதோட முகத்தை யாரோ முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரா நீட்டி "ஹாய் சொல்லு, ஹாய் சொல்லு"ன்னுவார். போன வாரம் பார்த்தேன், அது ரெண்டு முன்னங்காலையும் அவர் நெஞ்சுல ஊன்றி முதுகைப் பின்னுக்குத் தள்ளுது. அந்த நகம் அவர் பனியன்ல மாட்டி இழுத்ததுகூட அவருக்குத் தெரியல. காலியான லிஃப்ட் வர ஒரு நிமிஷம் நின்னா என்ன?

அங் மோ கியோ வாசகி:
எனக்கு ஆறாதது வேறு. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலை நடைக்குப் போகும்போது ஒரு ஜாக் ரஸல் நாயைப் பார்ப்பேன். கூட வருபவர் ஒரு கையில் போன், மறு கையில் கயிறு. நாய் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று வேரை மோந்து பார்க்கிறது. மூக்கு வேருக்குள் புதைந்திருக்கிறது, வால் நிதானமாக ஆடுகிறது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒரு வெடுக். நாய்க்குக் கழுத்துப்பட்டை இறுகி இருமல் வந்தது. அடுத்த மரத்திலும் அதே வெடுக், அதே இருமல்.

நமக்கு மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம் என்றால் நாய்க்கு 30 கோடி வரை இருக்கிறது என்கிறார்கள். நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வருகிற ஜீவன். அந்த நடை யாருக்காக? அதை மோக்க விடாமல் இழுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் நாயை நடக்க விடுவதா? கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள், கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், போனைப் பையில் போடுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வேண்டாம். ஒரே புல்வெளியில் இருபது நிமிடம் நின்றாலும் நாய்க்கு அது நல்ல நடைதான். மழை விட்ட பிறகு கொண்டு போய்ப் பாருங்கள், இன்னும் நேரம் எடுத்து மோக்கும்.

செங்காங் அப்பா:
படிக்கப் படிக்க ஒரு மாதிரி இருக்கிறது. இப்படியே போனால் நாயைத் தொடவே கூடாது என்பீர்கள். எங்கள் மால்டீஸ் என் மகள் கட்டிப்பிடிக்காமல் தூங்காது. அதுவாகவே வந்து அவள் கைக்குள் தலையை நுழைக்கும். எல்லா அணைப்பும் சித்திரவதை என்பது போல் எழுதுவது நியாயமில்லை. பிள்ளைகள் பாசம் காட்டக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

பீஷான் டீச்சர்:
செங்காங் அப்பா, கோபப்படாதீர்கள். 2016-இல் ஸ்டான்லி கோரன் என்ற உளவியல் பேராசிரியர், மனிதர்கள் நாயைக் கட்டிப்பிடிக்கும் 250 படங்களை இணையத்திலிருந்து எடுத்து ஆராய்ந்தார். பத்தில் எட்டு நாய்களின் முகத்தில் ஏதோ ஒரு சங்கட அறிகுறியாவது தெரிந்தது. அக்கா லட்டுவிடம் பார்த்தவைதான்: திரும்பிய தலை, தெரியும் வெள்ளை, நக்கும் நாக்கு.

செங்காங் அப்பா:
அது அவர் பத்திரிகைப் பத்தியில் எழுதியது. மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியிட்ட ஆய்வு கிடையாது. முன்பே படித்திருக்கிறேன். தவிர, இணையத்தில் கிடைக்கிற படத்தில் பாதி, யாரோ கேமராவை முகத்துக்கு நேரே நீட்டியது. சங்கடம் அணைப்பாலா, கேமராவாலா?

பீஷான் டீச்சர்:
அது சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் படத்தை விடுங்கள், உங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மகளை மூன்று நொடி தடவச் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டும். நாய் மறுபடி முட்டிக்கொண்டு வந்தால் அதற்கு வேண்டும் என்று பொருள். அப்படியே நின்றாலோ, உடம்பை உதறிவிட்டு நகர்ந்தாலோ போதும் என்று பொருள். உங்கள் மால்டீஸ் தானாக வந்து தலையை நுழைக்கிறது என்கிறீர்கள். அதற்கும், ஓடப் பார்க்கிற நாயைக் கழுத்தோடு வளைத்துப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே யாரும் முதலாவதைக் குறை சொல்லவில்லை.

பொங்கோல் நைட் ஷிஃப்ட்:
அணைப்பை விடுங்க, கேமராவைப் பத்தி யாராவது பேசுங்க. ராத்திரி வேலை முடிஞ்சு அண்ணன் வீட்டுல பகல்ல தூங்குவேன். அண்ணி ஆபீஸ்ல இருந்து ஹால் கேமரா வழியா நாய்கிட்ட பேசுவாங்க. மத்தியானம் திடீர்னு "பிரௌனி! பிரௌனிக் குட்டி! அம்மா பேசுறேன்!" அது தூக்கத்துலேர்ந்து துள்ளி எழுந்து டிவி அலமாரிக்குப் பின்னாடி மூக்கை நுழைச்சுப் பார்த்துச்சு. அங்க இல்ல. ரூமுக்கு ஓடிச்சு, கட்டில்ல இல்ல. அப்புறம் வாசல் கேட்டுக்கு முன்னாடி போய் உட்கார்ந்து, கம்பி இடுக்குல மூக்கை வச்சுக்கிட்டு முனக ஆரம்பிச்சது. அதுக்குள்ள அண்ணி போனை வச்சுட்டாங்க. நான் எழுந்து கூப்பிட்டும் வரல. சாயங்காலம் அண்ணி சொல்றாங்க, "என் குரலைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷமா ஓடுச்சு தெரியுமா!" கேமராவுல வாசல் தெரியாது. பார்க்க மட்டும் வச்சுக்கலாம், பேசுற பொத்தானைத் தொடாம இருக்கலாமேன்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு, பாவம். அவங்களும் ஏக்கத்துலதான் பேசுறாங்க. ஆனா பிரௌனிக்கு அது புரியாதே.

ஜூரோங் வெஸ்ட் வாடகைக்காரர்:
நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டில், வீட்டுக்காரம்மா வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை சமையலறைத் தரையைப் பார்ப்பது. ஈரம் இருந்தால் நாயின் தலையைப் பிடித்து அதில் அழுத்துவார். நாய் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தும். "பாருங்க தம்பி, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது" என்பார். தெரியவில்லை அம்மா, அது உங்கள் குரலுக்குப் பயப்படுகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை.

நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளரை வெளியே அனுப்பினார். திரும்பி வந்தவரிடம், நாய் தின்றதா இல்லையா என்பதில் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொன்னார். நாய்கள் 'குற்ற முகம்' காட்டியது திட்டு விழுந்தபோது. தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாகக் குறுகிப்போயின. நான் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். அந்த நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தேக்கா மல்லி:
தீபாவளிக்குச் சித்தி வீட்டுப் பக் நாய்க்குப் பட்டுத் துணியில் சட்டை தைத்து, கழுத்தில் சலங்கை கட்டிவிட்டார்கள். சாமி அறையில் சாம்பிராணிப் புகை, சன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஏற்கனவே சப்பை மூக்கு, சாதாரண நாளிலேயே மூச்சு கர்கர் என்று வரும். அது ஓர் அடி எடுத்து வைத்தது, சலங்கை குலுங்கியது, நின்றுவிட்டது. இன்னோர் அடி, மறுபடி சத்தம், மறுபடி நின்றது. அதற்குப் பிறகு அசையவே இல்லை. நடு ஹாலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது, வாய் ஓரத்தில் எச்சில். "எவ்வளவு சமத்தா நிக்குது" என்று மாமா வீடியோ எடுத்தார். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். அந்த மணியை அதன் தாடைக்கு அடியிலேயே கட்டியிருக்கிறார்கள்! நான் சலங்கையைக் கழற்றியதற்குச் சித்திக்கு இன்றுவரை என்மேல் வருத்தம். கழற்றியதும் உடம்பு முழுக்க ஓர் உதறு உதறிவிட்டு நேரே குளியலறை ஈரத் தரையில் போய்ப் படுத்தது.

உட்லண்ட்ஸ் மாமா:
எங்க புளோக்ல ஒரு பையன் மத்தியானம் ரெண்டு மணிக்கு நாயைத் தார் போட்ட கார் பார்க் வழியா நடத்திட்டுப் போறான். அது காலை மாத்தி மாத்தித் தூக்குது.

எல்லாரும் கேட்டுக்கங்க. வெளியே கூட்டிட்டுப் போகும் முன்னாடி புறங்கையைத் தரையில வச்சு ஏழு நொடி எண்ணிப் பாருங்க. உங்களால முடியலன்னா அதுக்கும் முடியாது. காலையில ஏழரைக்குள்ள, சாயங்காலம் ஏழுக்கு மேல போங்க. பகல்ல அவசரம்னா புல்வெளி ஓரமா போங்க, இல்ல கார் பார்க்கைத் தாண்டுற வரைக்கும் தூக்கிக்கங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், அதுக்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மத்த சூடெல்லாம் மூச்சு வாங்கித்தான் இறங்கணும். ரொம்ப மூச்சு வாங்கி, ஈறு கடும் சிவப்பானா நிழலுக்குக் கொண்டு போய்ச் சாதாரணத் தண்ணியை உடம்புல ஊத்தி, காத்துப்படும்படி வச்சுட்டு உடனே கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க. ரோமம் அடர்த்தியா இருந்தாலும் மொட்டை மட்டும் அடிக்காதீங்க.

பிடோக் காப்பி:
மாமா, நல்ல தகவல்தான். ஆனா அக்கா கேட்டது வேற.

உட்லண்ட்ஸ் மாமா:
வேற இல்ல தம்பி. காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுதே, அதுவும் சொல்றதுதான்.

அடோர் அம்மா:
மாமா சொல்வது சரி. எங்களுடையது 'சிங்கப்பூர் ஸ்பெஷல்', தெருவில் பிறந்தது. கலப்பின நாய்களை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் தத்தெடுக்க வழிவிடும் அடோர் திட்டம் 2012-இல் தொடங்கியது. அது இல்லையென்றால் இதை வளர்த்திருக்கவே முடியாது. தோள் உயரம் அப்போதைய வரம்பான 50 சென்டிமீட்டருக்குள் இருந்ததால் கிடைத்தது. என்னை உறுத்துவது அதே காப்பகத்திலிருந்து நாய் எடுத்த இன்னொரு குடும்பம். வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதை உணவங்காடிப் பக்கம் கூட்டிப் போனார்கள், "கூட்டம் பழகணுமாம்". நாற்காலி இழுபடும் சத்தம், தட்டு வண்டி, குனிந்து தலைமேல் கை வைக்கிற பத்துப் பேர். அது நடைபாதையில் மல்லாக்கப் படுத்துவிட்டது. வயிற்றைத் தடவச் சொல்கிறது என்று ஒருவர் தடவ உட்கார்ந்தார். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வந்தது. அப்போதும் புரியவில்லை.

வீட்டில் நம் பதற்றமும் அதற்குப் போய்ச் சேருகிறது. ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் ரோமத்தையும் அவற்றை வளர்ப்பவர்களின் தலைமுடியையும் எடுத்து, மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். 2019-இல் வெளியானது. வளர்ப்பவருக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. நானும் வீட்டுக்காரரும் குரல் உயர்த்தினால் எங்களுடையது எழுந்து கழிவறைக்குள் போய்விடும். இப்போது பேச வேண்டியதைக் கீழ்த்தளத்தில் போய்ப் பேசுகிறோம்.

செங்காங் அப்பா:
டீச்சர், மூன்று நொடி விஷயத்தை மகளோடு செய்து பார்த்தேன். அவளிடம் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. என் மாமியாரிடம் வரவில்லை, எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விட்டது. அவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். பின்னாலிருந்து தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஈசூன் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரிடம் பேசினேன். அவருக்கு விளங்கியது. அவர் வீட்டுக்காரர் "நாய்க்கு இவ்வளவு இடம் கொடுத்தா தலைமேல ஏறும்" என்கிறார். லட்டு படுக்கை இருக்கும் மூலைக்குப் பிள்ளைகள் போகக் கூடாது என்ற அளவுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் இன்னொரு விருந்து இருக்கிறது. அறை வாசலில் மாட்டுகிற குழந்தைத் தடுப்புக் கதவு யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். 75 சென்டிமீட்டர் அகலம் போதும்.

அங் மோ கியோ வாசகி:
என்னிடம் ஒன்று இருக்கிறது, சுவரில் துளை போட வேண்டியதில்லை. சனிக்கிழமை ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கொடுக்கிறேன். திருகு ஒன்று தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்.