பெலீஸ் பவளத்திட்டில் ஸ்கூபா, ஸ்நார்க்கலிங்: போய்வந்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஏப்ரலில் நானும் மனைவியும் மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் செல்கிறோம். அங்குள்ள சான் பெத்ரோ ஊரில் தங்கி, ஒருநாள் படகில் லைட்ஹவுஸ் பவளத்திட்டுக்குப் போய்வர எண்ணம். எனக்கு ஸ்கூபாவில் (காற்றுக் கலனுடன் மூழ்குவது) ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் இருக்கிறது. மனைவி ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயுடன் நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது) மட்டும் செய்வார்.

குழப்பமெல்லாம் அந்தத் திட்டிலுள்ள கிரேட் ப்ளூ ஹோல் என்ற வட்டமான கடற்பள்ளத்தைப் பற்றித்தான். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழியில் உலர்ந்த குகையாக இருந்த இடம் அது. அதற்குச் சாட்சியான சுண்ணாம்பு விழுதுகளைப் பார்க்க ஏறத்தாழ 40 மீட்டர் இறங்க வேண்டும். என் சான்றிதழ் அனுமதிப்பதோ 18 மீட்டர். வழிகாட்டியோடு போனால் பரவாயில்லை என்கிறார்கள் சிலர். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் வரலாம், காற்றும் வேகமாகத் தீரும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதை விட்டுவிட்டு அதே திட்டிலுள்ள ஹாஃப் மூன் தீவின் பவளச் சுவரில் மட்டும் மூழ்க அனுமதிக்கும் படகு உண்டா?

ப்ளூ ஹோலின் விளிம்பில் ஸ்நார்க்கலிங் செய்தவர்கள் அங்குள்ள நீரோட்டம் எப்படி என்று சொல்லுங்கள். ஸ்நார்க்கலிங் செய்பவர்களுக்குத் தனி வழிகாட்டி வருவாரா? மனைவிக்குக் கடல் குமட்டல் உண்டு. போக மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும் என்பதால் கவலையாக இருக்கிறது.

இன்னொன்று: பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் பெலீஸிலும் பரவியிருக்கிறது. சொந்த முகமூடி, காலில் அணியும் துடுப்புகளை எடுத்துச் சென்றால் அவற்றைக் கிருமிநீக்கம் செய்ய சான் பெத்ரோவில் வசதி இருக்கிறதா? நோயை நாங்கள் சுமந்து போய்விடக் கூடாது.