'மேஸ்' அறுவைக்குத் தமிழில்: புதிர்வழியா, வரப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

இதய மேலறையின் தாறுமாறான துடிப்பைச் சரிசெய்யும் 'மேஸ்' (maze, சுற்றிச் சுற்றிப் போகும் புதிர்ப்பாதை) அறுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, நண்பர் தந்த 'சிக்கல்வழி அறுவை'யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதய வால்வு ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட நிற்பவரிடம் "கூடவே சிக்கல்வழியும் செய்துவிடுகிறோம்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். 'புதிர்வழி' தேவலை, மூலச்சொல்லுக்கும் பொருந்துகிறது. ஆனால் உள்ளே நடப்பதை அது சொல்வதில்லை.

ஈரிதழ் (மைட்ரல்) வால்வு கெட்டு இதயத்தின் இடது மேலறை விரிந்துபோனவர்கள் பலருக்கு, மேலறை நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் உதறும். மின்துடிப்பு ஒழுங்காகக் கீழே இறங்காமல் அறைக்குள்ளேயே சுழல்கிறது. 1987இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ், மேலறைகளைக் கோடு கோடாக வெட்டித் திரும்பத் தைத்தார். ஆறிய தையல் தழும்பாகும். தழும்பு மின்துடிப்பைக் கடத்தாது. சுழல இடமில்லாத துடிப்பு, விட்டுவைத்த வழியில் கீழறைக்குப் போகும். இன்று கத்திக்குப் பதில் பெரும்பாலும் ரேடியோ அலைச் சூடு, இல்லையென்றால் உறைகுளிர். ஈரிதழ் வால்வைத் தொட இடது மேலறையைப் பெரும்பாலும் எப்படியும் திறப்பார்கள், அதோடு இதையும் முடித்துவிடலாம்.

சரி, இதை நாம் வயலில் பார்த்ததில்லையா? தழும்புக்கோடு வரப்பு. துடிப்பு போக விட்ட வழி மடை. ஆகவே கோட்டுக்கு 'வடுவரப்பு', அறுவைக்கு 'மேலறை வரப்பிடல்' என்பது என் பரிந்துரை.

இப்படிச் சூட்டாலோ குளிராலோ திசுவைத் தழும்பாக்கும் 'அப்லேஷ'னுக்கு 'நீக்கம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இங்கே எதையும் நீக்கவில்லையே, திசு அங்கேயேதான் தழும்பாகிக் கிடக்கிறது. 'கருக்கல்' சூட்டுக்குச் சரி, குளிருக்கு ஒட்டாது. 'வடுவாக்கம்' இரண்டுக்கும் பொது.

இரத்தம் உறையும் மூலையான மேலறைத் தொங்கலையும் (இடது மேலறையோடு ஒட்டிய சிறு பை) அதே கையோடு அடைப்பார்கள். அதைச் 'செவிமடல்' என்றால் போதும். ஆரிக்கிள் என்ற பழைய பெயருக்கே 'சின்னக் காது' என்றுதான் பொருள்.

வரப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. வடு தசையின் முழு ஆழத்துக்கும் இறங்காவிட்டால் மின்துடிப்பு கசிந்து, புதிதாக ஒரு சுழலே கிளம்பிவிடலாம். வரப்பில் நண்டு வளை போட்ட கதைதான். அந்த இடைவெளிக்கு 'வளை' என்றே வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், அதனால் வரும் 'ஃப்ளட்டர்' (மேலறை ஒரே சீராக, மிக வேகமாக அடிப்பது) துடிப்புக்கு என்னிடம் 'சிறகடிப்பு'தான் இருக்கிறது. 'படபடப்பு' வேண்டாம், நோயாளிகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.