அகால்-டெக்கே வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே, அதன் புதுப்பிப்பு

சேமிப்பு முழுவதையும் போட்டால் ஒரு அகால்-டெக்கே பெட்டைக் குதிரை கிடைக்கும், வாங்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். துர்க்மெனிஸ்தானின் அரிய இனம், உலோகம் போல மின்னும் உடல்முடி. “விலையை விடு, தீனியைப் பார்” என்றீர்கள். பார்த்தேன். 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 கிலோ உலர்புல். லாடமே அடிக்காவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். இதெல்லாம் எந்தக் குதிரைக்கும் உள்ளதுதான்.

நான் எதிர்பார்க்காத செலவு வேறு. இந்த இனத்தில் குட்டி முடியே இல்லாமல் பிறக்கும் மரபணுக் கோளாறு ஒன்று உண்டு. அப்படிப் பிறப்பவை பெரும்பாலும் சீக்கிரமே இறந்துவிடும். வாங்குமுன் பிடரி மயிரை வேரோடு பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இவள் அந்த மரபணுவைச் சுமப்பவள். இவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதையே சுமக்கும் ஆண் குதிரையோடு சேர்த்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அப்படிப்பட்ட குட்டிக்கு. அந்தக் கோளாறு மரபணு இல்லாத, நெருங்கிய உறவும் இல்லாத பொலிகுதிரையை அரிய இனத்தில் எங்கே போய்த் தேடுவது? குட்டி விற்றுச் செலவை ஈடுகட்டும் கணக்கு அங்கேயே செத்தது.

இருந்தும் வாங்கிவிட்டேன் (திட்டுங்கள்). அப்புறம்தான் அடுத்த செலவு: இவளைத் தனியாக விட்டால் தவித்துப்போய் வேலியோரமே நடந்து நடந்து தரையில் தடம் விழுந்துவிட்டது. துணைக்கு ஒரு கிழட்டு மட்டக்குதிரை வந்திருக்கிறது. அதற்குப் பல் தேய்ந்துபோனதால் தீனியை ஊறவைத்துக் கொடுக்கிறேன்.