வளைவில் இழைகள் அலையாக நெளிகின்றன: காரணம் என்ன?

உதகையிலிருந்து கேள்வி:
வணக்கம். இருவர் தூக்கிப் பிடிக்கும் தேயிலை பறிக்கும் இயந்திரத்துக்கான கைப்பிடித் தாங்கியைக் கண்ணாடி இழைத்துணியும் எபாக்சி ரெசினும் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) கொண்டு செய்து பார்க்கிறேன். ஆண் மோல்டின் (புடைத்த அச்சின்) மேல் பன்னிரண்டு அடுக்குகளை விரித்து, வாக்குவம் பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் இழுத்து அழுத்துகிறேன். 90 டிகிரி வளைவை அறுத்துப் பார்த்தால் மேலடுக்குகளில் இழைகள் நெளிந்திருக்கின்றன. தட்டையான பகுதியில் அப்படி இல்லை. வாக்குவம் கேஜ் 570 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாததால், கசிவாக இருக்குமோ என்று சீலன்ட் டேப்பை இரண்டு நாள்களாக மாற்றி மாற்றி ஒட்டியும் பயனில்லை.

குன்னூரிலிருந்து:
கசிவைத் தேட வேண்டாம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமே ஏறத்தாழ 580 மில்லிமீட்டர் பாதரசம்தான். கடற்கரையில் அது 760. பம்பு ஒழுங்காகவே இழுக்கிறது, ஆனால் பை அழுத்தும் விசை சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்கே.

நெளிவுக்குக் காரணம் வேறு. உப்பியிருக்கும் அடுக்குகள் அழுந்தும்போது மேலடுக்கு சிறிய ஆரத்துக்கு இறங்குகிறது. துணியின் நீளமோ குறைவதில்லை. 90 டிகிரி வளைவில் தடிமன் 1 மி.மீ. குறைந்தால் மேலடுக்கில் 1.57 மி.மீ. துணி மிஞ்சும். அது ஓரங்களை நோக்கி நழுவ வழியில்லாவிட்டால் வளைவிலேயே நெளியும். எனவே ஒவ்வொரு அடுக்கையும் வளைவிலிருந்து ஓரம் நோக்கி ரோலரால் நீவி, மூன்று அடுக்குக்கு ஒருமுறை பையிட்டு அழுத்திவிட்டு மேலே தொடருங்கள். ஓரங்களை டேப்பால் இறுக்கி ஒட்டாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து:
குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பர் காலையில் எபாக்சி தேனாகக் கெட்டிப்பட்டு, அடுக்குகளை நழுவ விடாது. நான் ரெசின் டப்பாவை வெந்நீரில் வைத்து, மோல்டையும் சற்றுச் சூடாக்கிய பிறகே கலக்கிறேன். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகத்தான் கலக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஏற்கெனவே செய்த தாங்கியில் அலையின் நீளம் 10 மி.மீ., உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 1 மி.மீ. மட்டுமே. பயன்படுத்தலாமா?

குன்னூரிலிருந்து:
வேண்டாம். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் அந்த அலையில் இழை அதிகபட்சம் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. இழுவிசையைவிட அமுக்கவிசையில்தான் இது பெரிதும் காட்டும்: 1972-இல் ஆர்கன் என்ற ஆய்வாளர் தந்த சமன்பாட்டின்படி, இழையின் தொடக்கச் சாய்வு இரட்டித்தால் அமுக்க வலிமை பாதியாகும். கைப்பிடியைத் தூக்கும்போது வளைவு விரியப் பார்த்தால், நெளிந்த அந்த வெளியடுக்குகள்தான் அமுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அடுத்த தாங்கியையும் வளைவில் அறுத்து, நீர் விட்டு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகு மற்றவற்றைச் செய்யுங்கள்.