கொம்புமுறி ‘கூத்து’க்குக் கீழே வருமா?

கேள்வி – கல்லடி, பாடசாலை நூலகப் பொறுப்பாளர்:
எங்கள் நூலகச் சொற்களஞ்சியத்தில் ‘கூத்து’ என்ற பொருள் தலைப்பின் கீழ், கூத்து வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டையும் குறுகிய சொற்களாக (அதனுள் அடங்கும் சொற்களாக) இட்டுள்ளேன். கொம்புமுறியையும் அங்கேயே சேர்க்கலாமா?

பதில் – அக்கரைப்பற்று:
வேண்டாம், ஐயா. வடமோடி யாவும் கூத்தே, ஆனால் கூத்துகளில் சில மட்டுமே வடமோடி என்பதால் அது குறுகிய சொல்லாகத் தேறுகிறது. கொம்புமுறியோ கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த சடங்கு விளையாட்டு என்பதால், ‘சடங்குகள்’ அதற்கு விரிந்த சொல்லாகவும் (அதை உள்ளடக்கும் பெரிய தலைப்பாகவும்) ‘கண்ணகி வழிபாடு’ தொடர்புடைய சொல்லாகவும் அமையட்டும். களரியில் ஆடாததைக் கூத்தென்றால், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் கோபிப்பார்கள்!

பதில் – களுவாஞ்சிக்குடி:
‘விளையாட்டுகள்’ என்பதையும் இன்னொரு விரிந்த சொல்லாக இடலாம். ஒரு சொல்லுக்கு இரண்டு விரிந்த சொற்கள் இருப்பதை, சொற்களஞ்சியங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 25964இன் 2011இல் வெளியான முதற்பகுதி அனுமதிக்கிறது. எதிர்ப்பதிவை மட்டும் மறவாதீர்கள்: ‘வடமோடி’யின் கீழும் ‘கூத்து’ விரிந்த சொல்லாக இருக்க வேண்டும்.

கல்லடி:
எதிர்ப்பதிவை இடவே இல்லை. இன்றே திருத்துகிறேன்.