லாயத்தில் கடிக்கும் பறவைப் பூச்சி: ‘இடுக்குச்செள்’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குதிரை வளர்ப்புக் கையேட்டை மொழிபெயர்க்கும் தோழி, பறவைகளிடமிருந்து வந்து குதிரையைக் கடிக்கும் ‘bird mite’ என்ற பொடிப் பூச்சியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். அதற்குப் பறவைப்பேன், பறவை உண்ணி, பறவைச் சிலந்தி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இந்தக் கையேட்டைப் படிக்கப் போவது லாயத்தில் வேலை செய்கிறவர். பெயரைப் பார்த்ததும் அவர் எங்கே தேடுவார் என்பதை வைத்துத்தான் நாம் சொல்லைத் தேர வேண்டும் என்பது என் கருத்து.

பேன் என்றால் பிடரி மயிரை விலக்கிப் பார்ப்பார். உண்ணி என்றால் காதிலும் வாலடியிலும் தடவித் தேடுவார். பகல் முழுக்கத் தேடினாலும் அங்கே ஒன்றும் அகப்படாது. ஏனென்றால் நாம் பேசுகிற பூச்சி (அறிவியல் பெயர் டெர்மனிசஸ் கேலினே) குதிரையின் மேல் குடியிருப்பதில்லை. பகலெல்லாம் மர இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் தீவனத் தொட்டியின் மூட்டுகளிலும் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து இரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்குள் போய்விடும். முட்டையிடுவதும் அங்கேதான். கோழிகளும் புறாக்களும்தான் அதன் இயல்பான இரை. லாயத்தை ஒட்டிக் கோழிக்கூண்டு இருந்தாலோ, உத்திரத்தில் புறா அடைந்தாலோ, பக்கத்தில் நிற்கிற குதிரையும் கடிபடும்.

ராத்திரியில் குதிரை காலை உதைத்துக்கொண்டே நிற்கும், முகத்தையும் கழுத்தையும் தூணில் தேய்க்கும், காலையில் பார்த்தால் சிறு சிறு தடிப்பு இருக்கும். இது தெரிந்தவர்கள் குதிரையை விட்டுவிட்டு முதலில் லாயத்தைப் பார்ப்பார்கள். இருட்டிய பின் டார்ச்சோடு போய், தொட்டிப் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை அழுத்தி இழுத்தால் போதும். பூச்சி இருந்தால் துணியில் சிவப்புக் கோடு விழும். அது நசுங்கிய பூச்சியின் வயிற்றிலிருந்த இரத்தம். பசியோடிருக்கும்போது பூச்சி சாம்பல் நிறம், குடித்த பிறகுதான் சிவப்பு. அளவோ 1 மில்லிமீட்டருக்குள். அதனால் ‘சிவப்புப் பூச்சி’ என்று பெயர் வைத்தாலும் பாதி நேரம் பொருந்தாது.

‘சிலந்தி’ என்றே எழுதலாம் என்று சொன்ன நண்பரின் வாதம் அறிவியல்படி சரி. வளர்ந்த பூச்சிக்கு எட்டுக் கால், சிலந்தி வகுப்புதான். வேளாண்மைத் துறையும் தென்னையைத் தாக்குவதை ஈரியோபைட் சிலந்தி என்கிறது. பயிருக்கு அது பழகிப்போன சொல், அப்படியே இருக்கட்டும். ஆனால் லாயத்தில் ‘பறவைச் சிலந்தி’ என்று எழுதினால் படிக்கிறவர் ஒட்டடைக் கம்பைத்தான் எடுப்பார்.

நம் ஊர்ப்பக்கம் அடைக்கோழியின் மேல் ஏறும் பொடிப் பூச்சியைச் செள், செள்ளு என்கிறோம். அடைக்கூடையில் கை வைத்தவர்களுக்கு அது முழங்கை வரை ஊர்வது நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து வருபவை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பறவைச்செள் என்றும், இடுக்கில் ஒளியும் இந்த வகைக்கு மட்டும் இடுக்குச்செள் என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இதே போல ஒலிக்கும் தெள்ளு என்ற சொல் சில ஊர்களில் நாயின் மேலிருக்கும் நாய்த்தெள்ளைக் குறிக்கும் என்பது உண்மைதான். முன்னால் ‘இடுக்கு’ வந்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும், எங்கே சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடும்.

ஒருவர் ‘இறகுச்செள்’ என்றும் எழுதியிருந்தார். அது வேண்டாம். இறகிலேயே வாழ்ந்து, இரத்தம் குடிக்காத இன்னொரு கூட்டம் இருக்கிறது. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம்.

அப்புறம், கையேட்டில் கூடு கலைப்பது பற்றிய பத்தியைத் தோழி கவனமாக எழுத வேண்டும். குஞ்சுகள் பறந்துபோன கூட்டில் பசியோடு கிடக்கும் செள்தான் வேறு உடம்பைத் தேடி வெளியே கிளம்புகிறது. குருவி, மைனா, புறாக் கூடுகளில் இருக்கும் ஆர்னிதோனிசஸ் என்ற வேறு பறவைச்செள் வகைகளும் இப்படித்தான். கூடு காலியான உடனே அதை எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும், அந்த இடத்தைச் சுரண்டிக் கழுவி மருந்தும் அடிக்க வேண்டும். கூட்டை மட்டும் தள்ளிவிட்டால் பூச்சி அங்கேயேதான் இருக்கும். இடுக்குச்செள் குளிர்ந்த இடத்தில் இரையே இல்லாமல் 8 மாதம் வரை தாக்குப்பிடிக்கும். வெதுவெதுப்பும் இரையும் கிடைத்தால் ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாகிவிடும். எனவே ஒருமுறை மருந்தடிப்பது போதாது, திரும்பவும் அடிக்க வேண்டும். எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அடிக்கும்போது குதிரையை வெளியே கட்ட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மூல நூல் அமெரிக்க லாயங்களைப் பற்றியது என்பதால் இன்னொன்று. அங்கே உத்திரத்தில் மண்கூடு கட்டுவது தகைவிலான் குருவி. நம்மூரில் குளிர்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதேதான். இங்கே விருந்தாளி, அங்கே குடித்தனக்காரர். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பதை அந்நாட்டின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் தடுக்கிறது. ஈயையும் கொசுவையும் பறந்தபடியே பிடித்துத் தின்னும் பறவை வேறு. அதைத் துரத்தச் சொல்லும் தொனி மொழிபெயர்ப்பில் வந்துவிடக் கூடாது. கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே வலை கட்டிவிடுவதுதான் சரியான வழி. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும், சிட்டுக்குருவிக்கு 19 வேண்டும். இந்த வலைக்குக் குழுவில் ஒருவர் முன்வைத்த ‘பறவைத் தங்கல் தவிர்ப்பு அமைப்பு’ என்ற பெயர் மிக நீளம். பறவை அடைவது என்ற நல்ல வினை நம்மிடம் இருக்கிறதே, ‘அடைதடுப்பு வலை’ என்று எழுதலாம்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கூண்டின் இடுக்கில் இருப்பதையும் கோழியின் மேல் இருப்பதையும் உங்கள் பக்கம் தனித்தனிப் பெயரில் அழைக்கிறீர்களா? அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் என் முன்மொழிவை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு, அதையே சொற்பட்டியலில் ஏற்றச் சொல்வேன்.

அன்புடன்